பிள்ளைகள் தம் சொல்லில் எழுதும் வகுப்பு: தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான்காம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்த எந்த ஆசிரியருக்கும் இந்தப் பசுவைத் தெரியும். "பசு ஒரு வீட்டு விலங்கு. பசுவுக்கு நான்கு கால்கள் உண்டு. பசு நமக்குப் பால் தரும்." வகுப்பில் 22 பிள்ளைகள் இருந்தால் 22 நோட்டுகளிலும் அதே பசு அதே நான்கு கால்களோடு நிற்கும். அந்த 22 பேரில் பாதிப் பேர் காலையில் மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டுப் பள்ளிக்கு வந்தவர்களாக இருப்பார்கள். எந்த மாடு உதைக்கும், எது கன்றைக் காட்டினால்தான் பால் சுரக்கும், எது கயிற்றை அறுத்துக்கொண்டு அடுத்தவர் சோளக்கொல்லையில் இறங்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. அதில் ஒரு வரிகூட நோட்டில் ஏறுவதில்லை. கரும்பலகையில் எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதுவதற்குத்தான் கட்டுரை என்று பெயர் என்பதை நாமே இரண்டாம் வகுப்பிலிருந்து அவர்களுக்குப் பழக்கி வைத்திருக்கிறோம்.

இதை மாற்றுவதற்கு மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். எதைப் பற்றி எழுதுவது என்பதைக் குழந்தை முடிவு செய்ய வேண்டும். எழுதியதை ஆசிரியர் முதலில் ஒரு வாசகராகப் படிக்க வேண்டும். திருத்தம் கடைசியில் வர வேண்டும். சொல்வதற்கு எளிது, செய்வதற்கு ஒரு பருவம் முழுவதும் ஆகும். கீழே உள்ளவை ஈராசிரியர் பள்ளியொன்றில் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு செய்து பார்த்தவை. முதல் இரண்டு வகுப்புகளுக்குத் தனியாக ஒரு பகுதி இருக்கிறது.

இது யாரும் செய்து பாராத வழியும் அன்று. பிரான்சின் தெற்கே ஒரு சிற்றூரில் ஆசிரியராக இருந்த செலஸ்தேன் ஃப்ரெய்னே, 1920களில் வகுப்பறைக்குள் ஒரு சிறிய அச்சுப்பொறியைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் தாமாக எழுதியவற்றைப் பிள்ளைகளே எழுத்துக் கோத்து அச்சிட்டார்கள். அந்தத் தாள்கள் வேறு ஊர்ப் பள்ளிகளுக்கு அஞ்சலில் போயின, அங்கிருந்தும் வந்தன. நியூசிலாந்தில் மவோரிப் பழங்குடிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், ஒவ்வொரு குழந்தையிடமும் அதற்கு வேண்டிய சொல் எது என்று கேட்டு, அதை அட்டையில் எழுதிக் கொடுத்து அதிலிருந்தே வாசிப்பைத் தொடங்கினார். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் கிரேவ்ஸ், 1970களின் இறுதியில் ஒரு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் எழுதும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கவனித்து, தலைப்பைத் தாமே தேர்ந்துகொள்வதும் எழுதிக்கொண்டிருக்கையில் ஆசிரியர் வந்து பேசுவதும் எவ்வளவு தூரம் உதவுகின்றன என்று எழுதினார். தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் பரவியபோது சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளுக்கென்று அடித்த கரும்பலகைகள் பல பள்ளிகளில் இன்றும் இருக்கின்றன. அவற்றை அழிக்காமல் வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள்; அவை இங்கே மிகவும் பயன்படும்.

தனி நோட்டு, ரப்பர் இல்லாமல்

கட்டுரை நோட்டைத் தொட வேண்டாம். அது அலுவலர் பார்வைக்குப் போவது. அதில் அழகாக எழுதித்தான் ஆக வேண்டும். எழுதிப் பார்ப்பதற்கென்று தனியே ஒரு கோடு போட்ட நோட்டுப் போதும். வலப்பக்கத்தில் மட்டும் எழுதச் சொல்லுங்கள். இடப்பக்கம் பின்னால் நினைவுக்கு வருவதைச் சேர்ப்பதற்காகக் காலியாகவே இருக்கட்டும். சேர்க்க இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் பிள்ளை சேர்க்கும். எழுதுவதற்கு முன் தேதி போடுவது கட்டாயம். நவம்பரில் ஒரு பெற்றோர் வந்து, "இவன் ஒண்ணும் எழுத மாட்டேங்கிறான்" என்று சொல்லும்போது ஜூன் மாதப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவதற்கு அந்தத் தேதிதான் உதவும்.

எழுத்து வகுப்பில் ரப்பரைப் பைக்குள் வைத்துவிடச் சொல்லுவேன். ஒரு வரியை எழுதி, அழித்து, ஊதி, மறுபடி எழுதி, காகிதம் கிழிந்து, பக்கத்துப் பையனிடம் ரப்பர் கடன் கேட்டுச் சண்டை போட்டு முழுப் பாடவேளையையும் கழித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வேண்டாத சொல்லின் மேல் ஒற்றைக் கோடு போட்டுவிட்டு மேலே போக வேண்டும். அடித்து எழுதிய பக்கம்தான் வேலை நடந்த பக்கம் என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. நோட்டுகள் அழுக்காகத்தான் இருக்கும், அதற்கு நாம்தான் முதலில் பழக வேண்டும்.

எதைப் பற்றி எழுதுவது

"உனக்குப் பிடித்ததை எழுது" என்று சொன்னால் வகுப்பு திகைத்துப் போகும். அத்தனை காலம் தலைப்பைக் கொடுத்தே பழக்கிவிட்டு ஒரே நாளில் கையை விரித்தால், பாதிப் பேர் "என் பள்ளி" என்று ஆரம்பிப்பார்கள்; மீதிப் பேர் பசுவுக்கே திரும்பிவிடுவார்கள். தலைப்புத் தேடுவதையும் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

நான் எப்போதும் தழும்பிலிருந்து தொடங்குவேன். முழங்கால், நெற்றி, முழங்கை என்று எங்காவது ஒரு தழும்பு இல்லாத பிள்ளை கிராமத்தில் கிடையாது. முதலில் என் தழும்பைக் காட்டி, அது எப்படி வந்தது என்று கரும்பலகையில் அவர்கள் முன்னாலேயே எழுதுவேன். தயக்கமில்லாமல் எழுதிவிடுவதில்லை, ஒரு வரி எழுதி, "இது சரியாக வரவில்லையே" என்று சொல்லி அடித்து, வேறு மாதிரி எழுதுவேன். ஆசிரியரும் அடித்துத் திருத்துகிறார் என்பதை அவர்கள் கண்ணால் பார்ப்பது எந்த அறிவுரையையும் விடப் பலன் தரும். பிறகு இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் தழும்பைக் காட்டிக் கதை சொல்ல வேண்டும். பத்து நிமிடம் வகுப்பு சந்தையாக இருக்கும். இருக்கட்டும். வாயில் ஒருமுறை வந்த கதைதான் கையில் வரும்.

அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் சில வாசல்களைத் திறந்துவிடலாம்: வீட்டில் தன்னைக் கூப்பிடும் பட்டப்பெயர் எப்படி வந்தது, தொலைந்துபோன ஒரு பொருள், திருவிழாவில் ராட்டினத்தில் ஏறியது அல்லது ஏற விடாதது, இன்று காலை பள்ளிக்கு வரும் வழியில் பார்த்த ஒன்று. பேச்சின்போது ஒரு பிள்ளை வாய்தவறிச் சொன்ன நல்ல விஷயத்தை, "இதை உன் பட்டியலில் எழுதி வை" என்று உடனே சொல்ல வேண்டும். நோட்டின் கடைசிப் பக்கம் அந்தப் பட்டியலுக்கானது. ஒரு மாதத்தில் பத்துப் பதினைந்து தலைப்புகள் அங்கே சேர்ந்துவிட்டால், "என்ன எழுதறது டீச்சர்?" என்ற கேள்வி தானாகவே நின்றுவிடும்.

ஒரே விஷயத்தையே திரும்பத் திரும்ப எழுதும் பிள்ளையைத் தடுக்க வேண்டியதில்லை. ஒரு பையன் ஒரு பருவம் முழுவதும் தன் மாமாவின் டிராக்டரைப் பற்றியே எழுதினான். ஏழாவது டிராக்டர் முதல் டிராக்டரைவிட எவ்வளவோ நன்றாக ஓடியது.

நாற்பது நிமிடத்தைப் பிரிக்கும் விதம்

வாரத்தில் ஒரு நாள் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குவதைவிட, நான்கைந்து நாள் நாற்பது நிமிடம் ஒதுக்குவது மேல். நாளை மறுபடி எழுதப் போகிறோம் என்று தெரிந்தால்தான் பிள்ளைகள் வழியிலும் வீட்டிலும் அதை நினைத்துக்கொண்டே இருப்பார்கள். முதல் ஏழெட்டு நிமிடம் ஒரு குறும்பாடம். அடுத்த இருபது நிமிடம் எழுதுதல். மீதி நேரம் வாசித்துக் காட்டுதல்.

குறும்பாடத்தில் ஒரே ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். கதையை நடுவிலிருந்து எப்படித் தொடங்கலாம், "நன்றாக இருந்தது" என்று எழுதாமல் எது நன்றாக இருந்தது என்று எப்படிச் சொல்லலாம், யார் பேசியதை எப்படி மேற்கோள் குறிக்குள் போடுவது என்பன போன்றவை. முந்தைய நாள் பிள்ளைகளின் நோட்டில் பார்த்த ஒரு தேவையிலிருந்து அது பிறந்தால் நல்லது. எழுதும் இருபது நிமிடத்தில் முதல் ஐந்து நிமிடம் நானும் தரையில் உட்கார்ந்து எழுதுவேன்; அந்த ஐந்து நிமிடம் யாரும் எழுந்து வரக் கூடாது என்பது வகுப்பின் விதி. அதற்குப் பிறகுதான் பிள்ளைகளிடம் போவேன்.

அருகில் உட்கார்ந்து பேசுதல்

இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, மிக எளிதாகக் கெட்டுப்போவதும் இங்கேதான். ஒரு நாளைக்கு ஐந்து பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால் 22 பேரையும் ஒரு வாரத்தில் ஒரு சுற்று பார்த்துவிடலாம். ஒருவருக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிள்ளையை மேசைக்குக் கூப்பிடாமல் நாம் அதனிடம் போக வேண்டும். குனிந்து நிற்காமல் உட்கார வேண்டும். கையில் பேனா இருக்கவே கூடாது. பேனா இருந்தால் கை சும்மா இருக்காது.

நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு நாள் இப்படி எழுதி வைத்திருந்தாள்:

எங்க ஆடு குட்டி போட்டுச்சி
ரண்டு குட்டி
ஒரு குட்டி சத்து போச்சி

பழைய பழக்கத்தில் பார்த்தால் இதில் திருத்துவதற்கு நிறைய இருக்கிறது. "ரெண்டு", "செத்து" இரண்டிலும் கொம்பு இல்லை. வினைச்சொற்கள் பேச்சு வடிவில் இருக்கின்றன. முற்றுப்புள்ளி ஒன்றுகூட இல்லை. நான் நோட்டைக் கீழே வைத்துவிட்டு, "ராத்திரியா, பகல்லயா?" என்று கேட்டேன்.

"ராத்திரி டீச்சர். கரண்டு வேற இல்ல."

"அப்புறம் எப்படித் தெரிஞ்சது?"

"அப்பா டார்ச் அடிச்சாரு."

"அந்தக் குட்டி செத்துப்போனத யாரு மொதல்ல பார்த்தது?"

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. இந்த இடத்தில் ஆசிரியர் வாயைத் திறக்காமல் இருப்பது மிகவும் கடினம். ஆனாலும் இருக்க வேண்டும். பிறகு, "அது மொதல்லயே சாகல டீச்சர். அம்மா சாக்குல துடைச்சு, வாயில ஊதுச்சு. ஆடு அதயே நக்கிக்கிட்டு இருந்துச்சு" என்றாள்.

"இதெல்லாம் நோட்டுல இல்லையேம்மா. இப்ப நீ சொன்னத எனக்குப் படிக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுத்த பிள்ளையிடம் போய்விட்டேன். அப்படிப் போய்விடுவதும் இந்த முறையின் ஒரு பகுதிதான். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் அடுத்த வரியை நம் முகத்தைப் பார்த்து எழுதுவாள். இரண்டு நாள் கழித்து இடப்பக்கம் நிறைந்திருந்தது. இன்னும் ஒரு வாரம் கழித்து, வகுப்பின் சுவருக்காக அவள் எடுத்தெழுதிய படி இது:

"ராத்திரி எங்கள் ஆடு இரண்டு குட்டி போட்டது. கரண்டு இல்லை. அப்பா டார்ச் லைட் பிடித்தார். முதல் குட்டி எழுந்து நின்றது. இரண்டாவது குட்டி நிற்கவில்லை. அம்மா சாக்கால் துடைத்து வாயில் ஊதினார். 'விடு புள்ள, அது போயிருச்சு' என்று அப்பா சொன்னார். ஆடு அதையே நக்கிக்கொண்டிருந்தது."

அப்பா சொன்னதை நான் கேட்கவே இல்லை, அவளாகவே சேர்த்திருக்கிறாள். கேள்விகள் அந்த மட்டில் நிற்க வேண்டும். கேட்பவருக்கு உண்மையிலேயே தெரியாததைக் கேட்டால் பிள்ளை சொல்லும். விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் உடனே கண்டுபிடித்துவிடும். "இன்னும் விரிவாக எழுது" என்பது எந்தப் பிள்ளைக்கும் எதுவும் சொல்லாத வாக்கியம். "இதிலிருந்து நாம் என்ன கற்றுக்கொள்கிறோம்?" என்ற கேள்வியைத் தயவுசெய்து கேட்க வேண்டாம், கேட்டால் ஆடு மறைந்து, "எல்லா உயிர்களிடத்தும் அன்பு காட்ட வேண்டும்" என்ற வரி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வீட்டுச் சொல்லும் ஏட்டுச் சொல்லும்

தமிழ்ப் பிள்ளைக்கு எழுத்து வகுப்பில் வரும் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. அது பேசும் தமிழ் வேறு, எழுத வேண்டிய தமிழ் வேறு. "வந்துச்சு" என்று நினைத்து "வந்தது" என்று எழுத வேண்டும். "இருக்காங்க" என்று காதில் கேட்டு "இருக்கிறார்கள்" என்று எழுத வேண்டும். முதல் வரியிலேயே எழுத்துத் தமிழை வற்புறுத்தினால், பிள்ளைக்குத் தெரிந்த எழுத்துத் தமிழ் வாக்கியங்கள் பாடநூலில் இருப்பவை மட்டும் என்பதால், அது பாடநூலையே திருப்பி எழுதிவிடும். முதல் படி எந்தத் தமிழில் வந்தாலும் வரட்டும் என்பதே என் முடிவு. இதில் மாறுபடும் தமிழாசிரியர்கள் பலரை எனக்குத் தெரியும். "பழகிவிட்டால் மாறாது" என்பார்கள். மாறுகிறது, மாற்றுவதற்கு ஒரு வழி வைத்திருந்தால் மாறுகிறது.

அடிச்சுவர்க் கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் "வீட்டுச் சொல்" என்றும் மறுபக்கம் "ஏட்டுச் சொல்" என்றும் எழுதுங்கள். பிள்ளைகள் தங்கள் நோட்டிலிருந்தே சொற்களைக் கொண்டுவந்து இடப்பக்கம் எழுதுவார்கள். இணையான சொல்லைப் பாடநூலிலோ கதைப் புத்தகத்திலோ தேடி வலப்பக்கம் எழுதுவார்கள். போட்டுச்சு – போட்டது, நின்னுச்சு – நின்றது, இருந்துச்சு – இருந்தது என்று பத்துச் சொற்கள் சேர்ந்ததும் யாராவது ஒரு பிள்ளை, "டீச்சர், எல்லாம் 'து'ல முடியுது" என்று கத்தும். அந்த ஒரு கத்தல் நான் நடத்திய பல இலக்கணப் பாடங்களுக்குச் சமம்.

இன்னொரு எளிய ஒழுங்கும் உண்டு. மேற்கோள் குறிக்குள் வருவது வீட்டுச் சொல்லிலேயே இருக்கலாம். குறிக்கு வெளியே ஏட்டுச் சொல் வர வேண்டும். அப்பா "விடு புள்ள" என்றுதான் சொன்னார். அதை "விட்டுவிடு பெண்ணே" என்று மாற்றினால் அது அப்பாவே இல்லை. இந்த விதி தெரிந்த பிறகு பிள்ளைகள் தங்கள் எழுத்தில் ஆட்களை நிறையப் பேசவிடுகிறார்கள், எழுத்தும் கலகலப்பாகிவிடுகிறது.

வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளும், செங்கல் சூளை வேலைக்கு வடக்கிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் வகுப்பில் இருந்தால், அவர்களுடைய வீட்டுச் சொல்லும் அதே பலகையில் தமிழ் எழுத்தில் ஏறட்டும்.

பிழையை என்ன செய்வது

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையன் கிணற்றில் நீச்சல் பழகியதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொண்டுவந்தான். நான் உற்சாகமாகச் சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு பிழை விடாமல் வட்டமிட்டேன். மொத்தம் 31 வட்டங்கள். கீழே எண்ணி எழுதியும் வைத்தேன். அடுத்த முறை அவன் நான்கு வரி எழுதினான். எல்லாம் இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்கள். தவறு வராத சொற்களை மட்டும் தேடித் தேடி எழுதியிருந்தான்.

பிழைகளுக்கு ஒரு வரிசை வைத்துக்கொண்டால் இந்தச் சேதத்தைத் தவிர்க்கலாம். முதலில் பொருளைக் கெடுக்கும் பிழைகள்: விட்டுப்போன சொல், முடியாத வாக்கியம். அடுத்தது புள்ளியும் கொம்பும். கொம்பு பிள்ளைகளைப் படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. "கெ" என்று சொல்லும்போது க் முதலிலும் எ அடுத்தும் ஒலிக்கின்றன. எழுதும்போது கொம்பு முன்னால் வந்துவிடுகிறது. ஒலியைக் கேட்டுக் கேட்டு எழுதும் பிள்ளை "க" எழுதிய பிறகுதான் கொம்பை நினைக்கும், அப்போது அதற்கு இடம் இருக்காது. அந்த மாணவியின் "சத்து போச்சி" அப்படி வந்ததுதான். "கொ", "கோ" எழுதும்போது முன்னே ஒரு கொம்பு, பின்னே ஒரு கால் என்று இரண்டு பக்கமும் கவனம் வேண்டியிருக்கிறது. இது கவனக்குறைவு இல்லை என்று நமக்குத் தெரிந்தால் கோபம் பாதி குறையும்.

அதற்குப் பிறகு குறில், நெடில். அதற்கும் பிறகுதான் ல-ள-ழ, ர-ற, ந-ன-ண. ர-ற இரண்டும் பெரும்பாலான ஊர்களின் பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ந-ன இரண்டும் அப்படியே. ழகரம் பல ஊர்களில் ளகரமாகிவிட்டது. "நன்றாக உச்சரித்துப் பார்" என்று சொல்வதால் பயன் இல்லை. இவற்றைக் கண்தான் கற்க வேண்டும். ஆனால் சிலவற்றுக்கு ஒழுங்கு உண்டு, அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி செய்யலாம். பாடநூலின் ஒரு பக்கத்தில் உள்ள "ந்", "ண்", "ன்" எல்லாவற்றையும் அவற்றின் அடுத்த எழுத்தோடு சேர்த்து எடுத்தெழுதச் சொல்லுங்கள். த-வுக்கு முன் "ந்", ட-வுக்கு முன் "ண்", ற-வுக்கு முன் "ன்" என்று வரிசை கட்டி நிற்கும்: பந்து, வண்டு, கன்று. சொல்லின் முதலில் ந-தான் வரும், ன-வும் ண-வும் வாரா என்பதையும் அப்படியே கண்டுகொள்வார்கள். ஒரு குறும்பாடத்தில் இவ்வளவும் முடிந்துவிடும். வாரக் கணக்கில் வட்டமிடுவது மிச்சமாகும்.

ஒற்று மிகும் இடங்களைத் தொடக்கப் பள்ளியில் நான் தொடுவதில்லை. பெரியவர்களே தடுமாறும் இடத்தில் ஒன்பது வயதுப் பிள்ளையை நிறுத்தி என்ன ஆகப் போகிறது?

ஒரு படைப்புக்கு ஒரு வகைப் பிழை என்பதே கணக்கு. நோட்டின் முதல் பக்கத்தில் "நான் பார்க்க வேண்டியவை" என்று எழுதி, அந்தப் பிள்ளைக்குரிய இரண்டு மூன்று மட்டும் குறித்துக் கொடுங்கள்: ஒருத்திக்குக் கொம்பு, இன்னொருவனுக்கு முற்றுப்புள்ளி. எழுதி முடித்ததும் விரலை வைத்துக்கொண்டு, வாய்விட்டு, மெதுவாகத் தானே படித்துப் பார்க்க வேண்டும். விட்டுப்போன சொற்களில் பெரும்பாலானவற்றை அப்போதே பிள்ளையே பிடித்துவிடும். சுவரில் ஒட்டவோ இதழில் போடவோ எடுத்தெழுதும் படியில் மட்டும் மீதமுள்ள பிழைகளை நான் அவர்களோடு உட்கார்ந்து சரிசெய்கிறேன். மற்றவர் படிக்கப் போகிறார்கள் என்ற காரணம் அவர்களுக்கே புரிகிறது.

ஒன்று, இரண்டாம் வகுப்புகளில்

"சொல்வதை எழுதுதல்" என்ற பயிற்சியில் ஆசிரியர் சொல்வார், பிள்ளை எழுதும். சிறு வகுப்பில் அதைத் தலைகீழாக்குங்கள்: பிள்ளை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். ஒரு படம் வரையச் சொல்லி, "இங்க என்ன நடக்குது?" என்று கேட்டு, அது சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தை அது சொன்ன சொற்களிலேயே படத்தின் கீழே எழுத வேண்டும். பிறகு விரலை வைத்து இருவரும் சேர்ந்து படிக்க வேண்டும். "நாய் கடிக்க வந்துச்சு" என்று அது சொன்னால் அப்படியே எழுதுங்கள். நாம் "வந்தது" என்று எழுதினால், பிள்ளை "வந்துச்சு" என்றே படிக்கும், எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள பிடிப்பு தொடக்கத்திலேயே நழுவிவிடும்.

சில வாரங்களில் பிள்ளை தனக்குத் தெரிந்த எழுத்துகளைக் கொண்டு தானே எழுதப் பார்க்கும். "பூனை" என்பது "பூன" என்று வரும். "பள்ளி" என்பது "பளி" என்று வரும். இவை அது ஒலியைப் பிரித்துக் கேட்கத் தொடங்கியிருப்பதற்கான அடையாளங்கள். தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருக்கிறோம். எழுத்து அறியும் பயிற்சிக்கு அந்தப் பிரிவு பொருந்தும். ஆனால் அரும்பு நிலையில் இருக்கும் பிள்ளைக்கு இன்னும் எழுதும் தகுதி வரவில்லை என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 247 எழுத்துகளும் தெரிந்த பிறகுதான் எழுதலாம் என்று காத்திருந்தால், அந்தப் பிள்ளை சொல்ல நினைத்ததெல்லாம் அதற்குள் ஆறிப்போய்விடும்.

படிப்பதற்கு ஆள் வேண்டும்

கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு பிள்ளைகள் வாசித்துக் காட்டுவார்கள். வாசிப்பவர் என் நாற்காலியில் உட்காருவார். நான் பாயில் உட்காருவேன். அந்த நாற்காலிக்காகவே எழுதியவர்கள் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்டவர்கள் இரண்டு காரியம் மட்டும் செய்யலாம்: மனதில் நின்ற ஓர் இடத்தைச் சொல்லலாம், புரியாத ஒன்றைக் கேட்கலாம். "நல்லா இருந்துச்சு" என்று கைதட்டிவிட்டு நகர்வதை முதல் மாதத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

சுவர் ஓரமாக ஒரு கொடிக்கயிறு கட்டி, துணிக்கு மாட்டும் கிளிப்பில் தாள்களைத் தொங்கவிட்டால் அதுவே சுவர் இதழ். ஓர் ஏ4 தாளை இரண்டு முறை மடித்து, நடுவில் பின் அடித்து, மேல் மடிப்பை வெட்டினால் எட்டுப் பக்கப் புத்தகம் கிடைக்கும். ஒரு பிள்ளையின் ஒரு கதைக்கு அது தாராளம். அந்தப் புத்தகங்களை வகுப்பு நூலகத்தில் மற்றக் கதைப் புத்தகங்களோடு சேர்த்தே வைப்பதால், மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஐந்தாம் வகுப்பு அண்ணன் எழுதியதை எடுத்துப் படிக்கும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இரண்டு பேரை வாசிக்க வைத்தேன். அதுவரை கையெழுத்துப் போட்டதும் கிளம்பிவிடும் தாய்மார்கள் உட்கார்ந்து கேட்டார்கள். பள்ளிக் கல்வித் துறை நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு வெளியிடும் ஊஞ்சல் இதழுக்கும் அனுப்பிப் பார்க்கலாம். வந்தால் மகிழ்ச்சி, வராவிட்டால் கொடிக்கயிறு இருக்கவே இருக்கிறது.

எல்லாவற்றையும் வெளியே காட்டக் கூடாது. பிள்ளைக்கு எழுத இடம் கொடுத்தால், அப்பா குடித்துவிட்டு வந்ததும், அம்மா ஊருக்குப் போய்த் திரும்பாததும், வேறு சிலவும் நோட்டில் வரும். அந்தப் பக்கத்தை வகுப்பில் வாசிக்கவோ மற்ற ஆசிரியர்களிடம் கதையாகச் சொல்லவோ கூடாது. "இதை எழுதியதற்கு நன்றி, நான் படித்தேன்" என்று தனியே சொல்லுங்கள். சுவரில் எது போக வேண்டும் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். பிள்ளைக்கு யாராலாவது ஆபத்து என்று அந்த வரிகள் காட்டினால் அது எழுத்துப் பாடத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது: தலைமையாசிரியரிடம் அன்றைக்கே சொல்ல வேண்டும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

தேர்வைப் பற்றியும் கேட்பார்கள். ஐந்தாம் வகுப்பில் குறிப்புகளைக் கொண்டு கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை வேண்டும். அது ஒரு தனி வடிவம் என்று பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லி, தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு பழக்கினால் போதும். ஆண்டு முழுவதும் எழுதிய கை அதற்கு வளைந்து கொடுக்கிறது.

ஏப்ரலில் நோட்டுகளை வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். கொடுப்பதற்கு முன் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுத் தாளில் அடுத்த ஆண்டு ஆசிரியருக்கு மூன்று வரி எழுதி வைக்கிறேன்: எதைப் பற்றி எழுதப் பிடிக்கும், எந்தப் பிழை போய்விட்டது, எந்தப் பிழை இன்னும் இருக்கிறது. ஆடு குட்டி போட்டதை எழுதியவளின் துண்டுத் தாளில் இருப்பது இது: "யார் என்ன பேசினார்கள் என்பதை நன்றாக எழுதுவாள். 'ற' வரும் இடங்களில் கவனம் வேண்டும். பிழைத்த குட்டிக்குக் கொம்பு முளைத்துவிட்டதாம். அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள், இன்னும் முடிக்கவில்லை."